செல்லரிக்காத சுவடி

எங்கள் இதழுக்குப் பக்கம் கட்டித் தரும் நண்பர் சென்ற ஆண்டு ஒருநாள் நாலாக மடித்த தாள் ஒன்றை என் மேசைமேல் வைத்தார். மெய்ப்பு என்றுதான் கையில் எடுத்தேன். அது அவருடைய அக்கா மகளின் மூளையிலிருந்து எடுக்கப்பட்ட கட்டியைப் பற்றிய பரிசோதனை அறிக்கை. குழந்தைக்கு இரண்டு வயது. 'எம்ப்ரியோனல்' என்ற சொல்லின் கீழ் யாரோ பேனாவால் இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். "இதுக்கு என்ன அர்த்தம் தோழர்? நீங்கதான் எம்.ஏ. படிச்சவராச்சே" என்றார். நான் படித்தது தமிழ் எம்.ஏ. என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் சொல் என்று வந்துவிட்டால் தமிழ் படித்தவனிடம்தானே வருவார்கள்.

மருத்துவமனையில் ஒருவர் போகிறபோக்கில் "கருவுலேயே வந்தது" என்று விளக்கியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியம் வீட்டில் பல வாக்கியங்களாகக் கிளைத்துவிட்டது. "ரெண்டு உசுரா இருந்தப்ப கிரகணத்தன்னைக்கி கொல்லைப்பக்கம் போனா, சொன்னேன், கேக்கல" என்கிறார் மாமியார். தாய்மாமனுக்கே கட்டிக்கொடுத்ததால்தான் என்கிறார் இன்னொருவர். எந்த வம்சத்திலிருந்து வந்தது என்ற விசாரணை இரு வீட்டாருக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறது. குழந்தையின் தாய் எதுவும் பேசுவதில்லை. ஒரே ஒரு தடவை தம்பியிடம், "என் வயித்துலேர்ந்தேதான் வந்துச்சாடா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடி, மருத்துவ நண்பர் ஒருவரின் உதவியோடு சில மாதங்கள் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரடை. 'கருப்பருவ' என்று அதை மொழிபெயர்க்கிறோம். தமிழில் அது உடனே காலத்தைக் குறிப்பதாகிவிடுகிறது, கருப்பருவத்தில் உண்டானது என்று. நோய்க்கூற்றியலாளர்களோ அந்தச் சொல்லை முதன்முதலில் தோற்றத்தைக் குறிக்கவே கையாண்டார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் இந்தக் கட்டிகளின் செல்கள் சிறியவை, நெருக்கியடித்துக் கிடப்பவை. உட்கரு பெரிது, அதைச் சுற்றியுள்ள பகுதி கொஞ்சம்தான். ஹெமட்டாக்ஸிலின் என்ற சாயம் ஏற்றினால் முழுக்க நீலமாகத் தெரியும். (மத்திய அமெரிக்காவின் ஒரு மரத்திலிருந்து எடுக்கப்படும் சாயம் அது. ஒருகாலத்தில் துணி தோய்க்கக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போனது.) இன்னும் நரம்புச் செல்லாகவோ அதைத் தாங்கும் செல்லாகவோ ஆகித் தேறாத, வளரும் கருவின் மூளைச் செல்களைப் போல இவை இருக்கின்றன. 'போல' என்பதை அழுத்திச் சொல்கிறேன். இலக்கணத்தில் உவம உருபு தொக்கி நின்றால் உவமத்தொகை என்கிறோம். எம்ப்ரியோனல் என்பது அப்படித் தொக்கி நிற்கிற ஓர் உவமை. உருபு மறைந்ததும் உவமை உண்மையாகி, உண்மை ஒரு பெண்ணின் மேல் பழியாகிவிட்டது.

அதற்காக உவமை வெறும் உவமைதான் என்று தள்ளிவிடவும் முடியாது. அந்தச் சிக்கலுக்குப் பின்னால் வருகிறேன்.

1925இல் பாஸ்டனில் ஹார்வி குஷிங் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரும் பெர்சிவல் பெய்லியும் குழந்தைகளின் சிறுமூளையில் வரும் ஒரு கட்டிக்கு மெடுல்லோபிளாஸ்டோமா என்று பெயர் வைத்தார்கள். மெடுல்லோபிளாஸ்ட் என்ற ஆதிசெல்லிலிருந்து அது வளர்வதாக அவர்கள் கருதினார்கள். அப்படியொரு செல்லை அவர்கள் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் யாரும் பார்த்ததில்லை. இல்லாத செல்லின் பெயரால் ஒரு நோய் நூறாண்டுகளாக அழைக்கப்பட்டு வருகிறது. இதைப் படித்த அன்று, ஒப்புக்கொள்கிறேன், எனக்கு ஒருவிதக் குஷியே வந்தது. குறிப்பீடு இல்லாத குறிப்பான்! அமைப்பியல் பற்றி எழுதிக்கொண்டிருந்த காலத்தில் இது கிடைத்திருந்தால் நாலு பக்கம் எழுதியிருப்பேன். நண்பரின் முகம் நினைவுக்கு வந்ததும் அந்தக் குஷி போய்விட்டது.

பெயர்களின் கதையில் அடுத்தது 1973. ஹார்ட், ஏர்ல் என்ற இருவர் பெருமூளையில் வரும் இதேமாதிரி நீலச் செல் கட்டிகளுக்கு 'ஆதி நரம்புப் புறத்தோல் கட்டி' என்று பெயரிட்டார்கள். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகள் பி.என்.இ.டி. 'ஆதி' என்று நான் எழுதும் இடத்தில் அவர்களிடம் இருப்பது 'பிரிமிட்டிவ்', மானுடவியலாளர்கள் ஒருகாலத்தில் பழங்குடிகளுக்கு ஒட்டிய அதே முத்திரை. தேறியது மேலே, தேறாதது கீழே என்ற ஏணியில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு செல்களையும் மனிதர்களையும் ஏற்றி இறக்கியது. 1983இல் ஃபிலடெல்ஃபியாவின் லூசி ரோர்க், மூளையில் எங்கே இருந்தாலும் இவ்வகைக் கட்டிகளையெல்லாம் பி.என்.இ.டி. என்ற ஒரே பெயரில் அழைக்கலாம் என்று முன்மொழிந்தார். எந்தச் செல்லிலிருந்து வருகிறது என்று தெரியாதபோது தெரிந்ததுபோல் பெயர் வைக்காமலிருப்பதே மேல் என்ற நேர்மை அதில் இருந்தது. ஆனால் பெயர் ஒன்றானால் சிகிச்சையும் ஒன்றாகிவிடும். அறுவை, மருந்து, மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் முழுக்கக் கதிர்வீச்சு. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் மூளைக்கு அந்தக் கதிர்வீச்சு என்ன செய்யும் என்பது தெரிந்ததனால்தான் அந்த வயதில் அதைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முயல்கிறார்கள்.

ரோர்க்கின் முன்மொழிவைப் பற்றி இரண்டு தரப்பாகச் சண்டை நடந்தது. எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது. எல்லாவற்றையும் ஒரே பெயருக்குள் கொண்டுவரச் சொன்ன அதே ரோர்க், அதிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்தவராகவும் ஆனார். மெடுல்லோபிளாஸ்டோமா என்றோ பி.என்.இ.டி. என்றோ சொல்லப்பட்ட கட்டிகளில் சில மிகச் சின்னக் குழந்தைகளிடம் வந்தன, சிகிச்சைக்கு மசியவில்லை. தசைச்செல்லின் சாயலில் பருத்த செல்கள் அவற்றில் கலந்திருந்தன. இதை அவர் 1987இலிருந்து சுட்டிவந்தார். 1996இல் தன் சகாக்களோடு விரிவாக எழுதினார். ஏ.டி.ஆர்.டி. என்று அதற்குப் பெயர். விரித்தால் 'வழக்கத்துக்கு மாறான உறுப்புத்திசுப் போலி, தசைப்போலிக் கட்டி' என்கிற மாதிரி வரும். மறுபடியும் 'போலி', மறுபடியும் உவமை. ஆனால் இந்தத் தடவை உவமைக்குக் கீழே ஒரு பொருள் அகப்பட்டது. இந்தக் கட்டிகளில் 22ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி அடிக்கடி காணாமல் போயிருந்தது. 1998இல் பாரிஸ் ஆய்வாளர்கள் அங்கே தொலைந்துபோன மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் ஜாக்லின் பீகலும் சகாக்களும் மூளைக் கட்டிகளில் அதை உறுதிசெய்தார்கள். இன்று அதன் பெயர் ஸ்மார்க்-பி-1, ஐ.என்.ஐ.-1 என்பது இன்னொரு பெயர்.

இந்த மரபணு செய்யும் வேலை முதன்முதலில் தெரியவந்தது மனிதனிடம் அல்ல, ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டிடம். சர்க்கரையைப் புளிக்கவைக்கத் தெரியாத ஈஸ்ட்டை ஆராய்ந்தபோது அதில் சில மரபணுக்கள் கெட்டிருந்தன. அவற்றின் புரதங்கள் கூடி ஒரு இயந்திரமாக வேலை செய்கின்றன. என்ன வேலை? ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை, புரத உருண்டைகளில் சுற்றிச் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கிறது. கட்டிவைத்திருக்கும் இடத்தை வாசிக்க முடியாது. அந்த உருண்டைகளைத் தள்ளி, வாசிக்கவேண்டிய இடத்தைத் திறந்துவிடுவது இந்த இயந்திரம். ஸ்மார்க்-பி-1 அதில் ஓர் உறுப்பு.

ஓலைச்சுவடிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நமக்குத் தெரிந்த சுவடியின் சோகம் செல்லரிப்பது. (செல் என்ற இந்தச் சொல் தமிழில் கரையானுக்கும் உரியது, அதன் வீடுதான் புற்று. ஆங்கிலச் செல்லும் தமிழ்ப் புற்றும் எப்படியோ ஒரே நோயில் வந்து சேர்ந்திருக்கின்றன. தற்செயல்தான், அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.) புகையிலையாலோ வெயிலாலோ வரும் பெரியவர்களின் புற்றுநோய்களில் ஏடுகள் உண்மையிலேயே அரிக்கப்பட்டிருக்கும், ஆயிரக்கணக்கான எழுத்துப்பிழைகள் இருக்கும். ஏ.டி.ஆர்.டி. அப்படி அல்ல. 2012இல் இந்த வகையைச் சேர்ந்த 35 கட்டிகளின் மரபணு எழுத்துகளை வாசித்துப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். ஸ்மார்க்-பி-1 இல்லை, அவ்வளவுதான். மற்றபடி சொல்லிக்கொள்ளும்படியான பிழை எதுவும் திரும்பத்திரும்ப வரவில்லை. ஏடுகள் அப்படியே இருக்கின்றன. கயிற்றை அவிழ்த்து உரிய ஏட்டைப் புரட்டித் தருகிற ஆள் இல்லை. செல் தான் எந்த ஏட்டில் நின்றதோ அங்கேயே நின்று, அதையே திரும்பத்திரும்பப் படித்துக்கொண்டு பெருகுகிறது.

பிரதி, வாசிப்பு என்று பேசிப் பழகிய நமக்கு இது தித்திக்கும். ஓர் எச்சரிக்கையும் தேவை. உயிரியல் தன் உருவகங்களை நம்மிடமிருந்தே கடன் வாங்கியது: எழுத்து, குறியீடு, படியெடுத்தல், மொழிபெயர்ப்பு என்று. அதை அது திருப்பித் தரும்போது 'பார்த்தாயா, எல்லாம் பிரதிதான்' என்று நாம் கைதட்டினால் ஏமாளிகள். செல்லுக்குள் வாசகர் யாருமில்லை. ஒட்டுகிற புரதமும் ஒட்டாத புரதமும்தான். இந்த உருவகம் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். தொலைந்தது ஒரே மரபணு என்றாலும் இந்தக் கட்டிகள் ஒன்றல்ல, மூன்று வகை என்று 2016இல் பிரித்தார்கள். ஒரு வகையில் தோலுக்கு நிறம் தரும் மெலனின் தயாரிப்புக்கான மரபணு ஓடிக்கொண்டிருக்கிறது! மூளையில் அதற்கு என்ன வேலை? எந்தச் செல்லில், வளர்ச்சியின் எந்தக் கட்டத்தில் அது தொலைந்தது என்பதற்கேற்பக் கட்டி வேறாகிறது. 'ஒரு மரபணு, ஒரு நோய்' என்று பத்திரிகைகள் எழுதும் மரபணு விதிவாதம் இங்கே, அது மிக வலுவாக இருக்கவேண்டிய இடத்திலேயே, போதாமல் போகிறது.

இனி, தள்ளிவைத்த அந்தச் சிக்கல். 'கரு போல' என்பது தோற்றம் மட்டும்தானா? இன்னொரு அரிய கட்டி இருக்கிறது. ஈ.டி.எம்.ஆர். என்பார்கள், பெரும்பாலும் நாலு வயதுக்குள் வருவது. இதில் ஏ.டி.ஆர்.டி.யின் கதைக்கு நேர் எதிரானது நடக்கிறது. அங்கே ஒன்று தொலைந்தது. இங்கே 19ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு பல மடங்காகப் பெருகிவிடுகிறது. அந்தத் துண்டில் புரதத்துக்கான மரபணு இல்லை. மைக்ரோ ஆர்.என்.ஏ. எனப்படும் சிறு துணுக்குகள் நாற்பதுக்கு மேல் வரிசையாக இருக்கின்றன. இவை வேறு மரபணுக்களின் செய்தியை அடக்கி வைப்பவை. (மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்ததற்காக விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024இல் நோபல் பரிசு தரப்பட்டது. அவர்கள் அதைக் கண்டது ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள மண்புழுவினப் பூச்சி என்று நான் நினைத்திருந்த, உண்மையில் உருளைப்புழுவான ஒன்றில்.) இந்த வரிசை குரங்கினங்களிடமும் மனிதரிடமும் மட்டுமே உண்டு. சாதாரணமாக அது இயங்கும் இடம் நஞ்சுக்கொடி. அங்கேயும் தந்தையிடமிருந்து வந்த பிரதிதான் இயங்குகிறது, தாயுடையது மூடிக்கிடக்கிறது. நண்பரிடம் இதைச் சொன்னபோது முதன்முதலாக அவர் சிரித்தார். "இதை எங்கக்கா மாமியார்ட்ட சொல்லணும் தோழர்!" குழந்தைக்கு வந்தது இந்தக் கட்டி அல்ல, தெரியும். இருந்தாலும் சிரித்தார்.

இந்தக் கட்டியில் நிறைய இருக்கும் இன்னொரு புரதம் லின்-28. அதுவும் அந்தப் புழுவிடம் கண்டுபிடிக்கப்பட்டதுதான். அது கெட்டால் புழு சில பருவங்களைத் தாண்டிக் குதித்து அவசரமாக முதிர்கிறது. நீடித்தால் இளம்பருவத்திலேயே சுற்றிச்சுற்றி வருகிறது. அதாவது அது ஒரு காலக்காப்பாளர். பெருகிய துண்டும் லின்-28உம் ஒன்றையொன்று தாங்கி, செல்லைக் கருக்காலத்திலேயே பிடித்துவைக்கின்றன. எனவே 'கருப்பருவ' என்பது வெறும் உவமை அல்லதான். வளர்ச்சியின் நிரல் உண்மையிலேயே அங்கு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் கருப்பருவம் கடந்து போகாமலிருப்பது ஒன்று. கர்ப்பிணி செய்த ஏதோ ஒன்றால் வந்தது என்பது வேறொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு எந்தப் பாதையும் இல்லை.

ஈ.டி.எம்.ஆர். என்ற பெயரும் வேடிக்கையாக உண்டானது. நுண்ணோக்கியில் வேறுவேறாகத் தெரிந்து மூன்று தனிப்பெயர்களோடு இருந்த கட்டிகள் 19ஆம் குரோமோசோமின் இந்த அடையாளத்தால் ஒன்றாக்கப்பட்டன. அந்தப் பெயர்களில் ஒன்று 1926இல் பெய்லியும் குஷிங்கும் வைத்தது. கண் பிரித்ததை மரபணு சேர்த்தது. பி.என்.இ.டி.யில் கண் சேர்த்ததை அது பிரித்தது. 2016இல் ஹைடல்பர்க் குழுவினரும் பலநாட்டுச் சகாக்களும், பல மருத்துவமனைகளில் பி.என்.இ.டி. என்று முத்திரையிடப்பட்ட 323 கட்டிகளை எடுத்து, டி.என்.ஏ.மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளின் அமைப்பைக் கொண்டு மறுபடியும் வகைப்படுத்தினார்கள். பாதிக்கும் மேற்பட்டவை ஏற்கெனவே தெரிந்த வேறு கட்டிகள். மீதியில் இதுவரை பெயரில்லாத நாலு புதிய வகைகள். அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலிருந்து பி.என்.இ.டி. நீக்கப்பட்டது. நாற்பத்து மூன்றாண்டுகள் இருந்து மறைந்த பெயர்.

சொற்களின் சாவு நமக்கு இலக்கியச் செய்தி. இங்கே அது அப்படி இல்லை. பி.என்.இ.டி. என்று சேர்க்கப்பட்டு ஒரேவிதச் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் கட்டிகளை அமெரிக்காவில் ஒரு ஆய்வுக்குழு மறுபரிசோதனை செய்து 2018இல் வெளியிட்டது. பலருக்கு இருந்தது வேறு நோய். உண்மையிலேயே கருப்பருவக் கட்டி இருந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்தாண்டு கடந்தும் உயிரோடிருந்தார்கள். தீவிரமான கிளையோமா இருந்து இந்தப் பெயருக்குள் மாட்டிக்கொண்டவர்களில் மிகச் சிலரே. இவர்களும் மூளை முழுக்க, தண்டு முழுக்கக் கதிர்வீச்சை வாங்கியிருந்தார்கள், தங்களுடையதல்லாத ஒரு பெயருக்காக.

நோய் என்பது சொல்லாடலால் கட்டமைக்கப்படுவது என்று நான் எழுதியிருக்கிறேன். ஃபூக்கோவின் மருத்துவமனை பற்றிய 1963ஆம் ஆண்டு நூலை அரைகுறையாக வாசித்த வேகம். அதை இப்போது திரும்ப வாசித்தேன். நான் எழுதியது அதில் இல்லை. பெயர் கட்டமைக்கப்படுவதுதான், சந்தேகமில்லை. மேலே சொன்ன கதை முழுவதும் அதற்குச் சாட்சி. ஆனால் எல்லாக் கட்டமைப்பும் ஒன்றுக்கொன்று சமம் என்று நான் சேர்த்துக்கொண்ட வால், அந்தக் குழந்தைகளின் முன்னால் நிற்கவில்லை.

அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தேடுபவர்களுக்கு இன்னொரு இடத்தைக் காட்டுகிறேன். நண்பர் கொண்டுவந்த அறிக்கையின் கடைசி வரியில் 'என்.ஓ.எஸ்.' என்று மூன்றெழுத்து. 'மேலும் குறிப்பிடப்படாதது' என்று பொருள். நோயின் ஏதோ ஒரு மர்மம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது நோயைப் பற்றிய சொல்லே அல்ல. வகைப்படுத்தத் தேவையான மரபணுச் சோதனை செய்யப்படவில்லை அல்லது செய்து முடிவு கிடைக்கவில்லை என்பதற்கான குறி. சோதனையெல்லாம் செய்தும் எதிலும் அடங்காவிட்டால் அதற்கு வேறு மூன்றெழுத்து இருக்கிறது. ஆக, வசதியின்மை ஒரு நோய்ப்பெயராக எழுதப்பட்டிருக்கிறது. மெத்தில் குறிகளை வாசித்து மூளைக் கட்டிகளை 82 வகையாகப் பிரிக்கும் கணினி முறையை 2018இல் வெளியிட்டார்கள்; அதைப் பயன்படுத்தியபோது நூற்றுக்குப் பன்னிரண்டு நோயாளிகள்வரை நோய்ப்பெயர் மாறியது. அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டும். ஆனால் ஸ்மார்க்-பி-1 இருக்கிறதா என்று பார்க்க அதெல்லாம் வேண்டியதில்லை. அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சாயமேற்றும் சோதனை 2004இலிருந்தே வழக்கத்தில் இருக்கிறது. லின்-28க்கும் அப்படியொன்று உண்டு. அதைக் கேட்டு வாங்கவேண்டும் என்று யாரும் அந்த வீட்டாருக்குச் சொல்லியிருக்கவில்லை.

மெழுகில் பதித்துவைத்திருந்த திசுவை வாங்கி, வேறொரு ஊருக்கு அனுப்பினோம். படமும் வந்தது. புரதம் இருக்கும் உட்கரு பழுப்பாகத் தெரியும். கட்டியின் செல்கள் முழுக்க வெறும் நீலம். நடுவே ஓடும் ரத்தக்குழாயின் செல்கள் மட்டும் பழுப்பு. குழந்தையின் ஒழுங்கான செல்கள் அவை. நண்பர் அந்தப் பழுப்பையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகுதான் வம்ச விசாரணைக்குப் பதில் தேட முடிந்தது. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டிரண்டாக இருக்கிறது. ஸ்மார்க்-பி-1இன் இரண்டும் போனால்தான் கட்டி. கண்ணில் வரும் ஒரு குழந்தைப் புற்றை வைத்து 1971இல் ஆல்ஃபிரட் நட்சன் வகுத்த 'இரண்டு அடி' விளக்கம் இது. சில குழந்தைகள் ஒரு அடியோடேயே பிறக்கிறார்கள். உடம்பின் எல்லாச் செல்லிலும் ஒரு பிரதி கெட்டிருக்கும். ஏ.டி.ஆர்.டி.யில் இப்படிப்பட்டவர்கள் நாலில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை. அவர்களிலும் பெரும்பாலோரிடம் அது பெற்றோரிடமிருந்து வந்ததல்ல, புதிதாக நேர்ந்தது. மற்றவர்களுக்கு இரண்டு அடியும் ஒரு தனிச் செல்லில், செல் பிரியும்போது தானாக நேரும் பிழைகளில் விழுந்தவை. சொந்தத்தில் கட்டுவதால் பெருகும் நோய்கள் உண்டு, மறுக்கவில்லை. தாயும் தகப்பனும் ஆளுக்கொரு கெட்ட பிரதியைத் தந்தால் வருகிற நோய்கள் அவை. இந்தக் கட்டி அந்தக் கணக்கில் வருவதில்லை. கிரகணத்துக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

குழந்தையின் ரத்தத்தையும் சோதித்தார்கள். இரண்டு பிரதியும் நன்றாக இருந்தன. பிழை கட்டியில் மட்டும்தான் இருந்தது. நண்பரோடு நானும் போயிருந்தேன். சிகிச்சை நடந்துகொண்டிருந்ததால் குழந்தைக்கு முடியெல்லாம் கொட்டியிருந்தது. என் மூக்குக்கண்ணாடியைப் பறிப்பதிலேயே குறியாக இருந்தாள். அக்காவிடம் தாளைக் காட்டி, படித்ததையெல்லாம் எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். "அப்ப எங்கிட்டேருந்து இல்லைங்களே?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அதை மட்டும் தமிழ்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். மாமியார் அதை வாங்கி, எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்துவிட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகினார்.